இரண்டாவது தட்டு

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்த அன்று, தம்பி அவளிடம் சொன்ன முதல் வார்த்தை ஆறுதல் வார்த்தை அல்ல.

"ரெண்டு தடவை அழுத்தியிருக்கக்கா. மெஷின்ல பதிவாகியிருக்கு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்தவள். "நான் ஒரு தடவைதான்டா கொடுத்தேன்" என்றாள். அதற்குப் பிறகு அவனிடம் பேசவே இல்லை.

நடந்தது இதுதான். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு பஸ் டிரைவருக்கு, வலி மருந்து ஏற்றும் மெஷினில் அக்கா மருந்து கொடுத்தாள். ஒரு முறை போக வேண்டிய மருந்து இரண்டு முறை போய்விட்டது. மூச்சு அடங்கிப்போய்க் கிடந்தவரைக் கண்டுபிடித்துப் பிழைக்க வைத்தார்கள். உயிர் தப்பினார், ஆனால் பேச்சு குழறியது, பெற்ற மகளை அடையாளம் தெரியவில்லை. அந்த மெஷினின் திரைக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதியவன் தம்பி. அது வார்டுக்கு வந்த நாளில் "என் தம்பி செஞ்சது" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததை அவன் மறக்கவில்லை.

விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது. உரிமம் ரத்தானால் அவள் இனி எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசியைத் தொட முடியாது.

மூன்று நாள் அவன் தன் நிரலை வரி வரியாகப் படித்தான். ஒரு தவறும் இல்லை. அழுத்தினால் போகிறது, அழுத்தாவிட்டால் போகவில்லை. அப்படியென்றால் அக்கா பொய் சொல்கிறாளா? சின்ன வயதில் அவன் உடைத்த கண்ணாடிக்குக் கூடத் தன் மேல் பழி போட்டுக்கொள்ளாதவள் அவள். உள்ளதை உள்ளபடி சொல்லி அவனுக்கு அடி வாங்கிக் கொடுத்தவள். அவளா பொய் சொல்வாள்? நான்காம் நாள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல், அலுவலகத்தில் ஒருவர் சொன்ன முகவரியைத் தேடிப் போனான்.

சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. அங்கே இருந்த பெண்ணுக்கு அவனைவிட இரண்டு மூன்று வயது குறைவாகவே இருக்கும். ரயில் கட்டுப்பாட்டு அறை, லிஃப்ட், டிக்கெட் மெஷின் என்று மனிதர்கள் கை வைக்கிற எதையும் எப்படி அமைக்க வேண்டும் என்று பதினைந்து வருடமாக வேலை பார்ப்பவள். யாராவது ஒரு பொருளைப் பயன்படுத்தும்போது பக்கத்தில் நிற்பவர்களை "வாயை மூடு" என்று அதட்டியே பழகியதால், தொழிலில் அவளுக்கு 'வாய்மூடி' என்றே பெயர்.

"மேடம், அஞ்சு நாள்ல உங்க வேலையை நான் கத்துக்கணும்."

"அஞ்சு நாள்ல சைக்கிள் கத்துக்கலாம்" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டு மருந்துக்கும் நடுவுல எத்தனை விநாடி?"

"விநாடி பதிவாகாது மேடம். நாலு பன்னிரண்டு, நாலு பன்னிரண்டுன்னு இருக்கு."

"ஏன் பதிவாகாது?"

"யாரும் கேக்கல."

வாய்மூடி தலையில் அடித்துக்கொள்ளவில்லை; அடித்துக்கொண்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "நாளைக்கு மெஷினைக் கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அலுவலகத்தில் சோதனைக்காக வைத்திருந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு போனான். வாய்மூடி தனக்குத் தெரிந்த நான்கு நர்ஸுகளை வரவழைத்திருந்தாள். அவர்கள் மருந்து கொடுப்பதுபோல் செய்ய வேண்டும். இவன் மூலையில் உட்கார்ந்து, அவர்கள் எங்கே தயங்குகிறார்களோ அங்கே காகிதத்தில் கோடு போட வேண்டும். முதல் நர்ஸ் விரலைத் தூக்கிக்கொண்டு திரையில் தேடினாள். இவனுக்குப் பொறுக்கவில்லை.

"அங்க இல்லம்மா, கீழ, வலது பக்கம்..."

"வெளிய போங்க" என்றாள் வாய்மூடி.

படிக்கட்டில் கால் மணி நேரம் நின்றான். பிறகு அவளே வந்து கூப்பிட்டாள். "வார்டுல நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுப்பீங்களா? இல்லல்ல? அப்போ இங்கயும் நீங்க இல்ல. உங்க வேலை அவங்க கையைப் பாக்கறது. புத்தியைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க."

பார்த்தான். நான்கு பேரும் நிதானமாகச் செய்தார்கள். நான்கு பேரும் ஒரே முறைதான் அழுத்தினார்கள். தாளில் பதினாறு கோடுகள் இருந்தன; ஆனால் அக்காவைக் காப்பாற்றுகிற கோடு ஒன்றுகூட இல்லை. அன்று இரவு அந்தத் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது என்று நினைத்தான். அதைவிட மோசமாக, அக்காதான் செய்திருக்கிறாள் என்று மனதின் ஓரத்தில் ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. தன் நிரலில் தப்பு இல்லை என்ற நிம்மதி. அதை உணர்ந்ததும் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

காலையில் வாய்மூடியிடம் போய், "எல்லாரும் சரியாத்தானே செஞ்சாங்க" என்றான்.

"நாற்காலியில உட்கார்ந்து செஞ்சாங்க. வார்டுல உட்கார்ந்தா செய்றாங்க? எனக்கு வார்டுக்குள்ள போக அனுமதி கிடைக்காது. உங்க அக்கா எப்படிச் செய்வாங்கன்னு அவங்ககிட்டயே கேளுங்க."

"அவ என்கிட்ட பேசறதில்ல."

"கேக்கறதுக்குத்தானே சொன்னேன்? அவங்க பேச வேண்டாம், செஞ்சு காட்டினா போதும்."

மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றான். மாமாதான் கதவைத் திறந்தார். "இப்ப எதுக்கு இதை இங்க தூக்கிட்டு வந்த?" என்றவர், வழியை மறித்தபடியே நின்றார். உள்ளே அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆறு நாளில் ஆறு வயது கூடியிருந்தது.

"அக்கா, ஒரே ஒரு தடவை. எப்படிக் கொடுப்பியோ அப்படியே செஞ்சு காட்டு. நான் வாயே திறக்க மாட்டேன்."

"அதான் மெஷின் சொல்லிடுச்சே. அப்புறம் நான் எதுக்கு?"

"உன் கால்ல விழட்டுமா?"

"விழு" என்றாள். அவன் நிஜமாகவே விழுந்தான். மாமா பதறிப்போய் அவனைத் தூக்கினார். அக்கா எழுந்து போய்க் கையுறையை எடுத்து வந்தாள்.

அவள் செய்ததைப் பார்த்துத்தான் வார்டு என்றால் என்னவென்றே அவனுக்குப் புரிந்தது. இடது கையில் மருந்துப் பையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கண் திரையில் இல்லை. நோயாளியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வாய் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தது: "இதோ ஆச்சு, இதோ ஆச்சு." கையுறை போட்ட கட்டைவிரல் மட்டும் ஓரமாகப் போய்த் திரையைத் தட்டியது. வார்டில் நெட்வொர்க் மெதுவாக ஓடும்போது ஆவதுபோல், திரை தாமதிக்கும்படி அவன் இந்தச் சோதனைக்காக அமைத்திருந்தான். பத்துப் பன்னிரண்டு முறை செய்தாள். எல்லாம் சரியாகவே போயிற்று. அடுத்த முறை சமையலறையில் எதுவோ விழுந்து சத்தம் கேட்டது. அவள் தலை திரும்பியது. விரல் தட்டியது. திரை அசையவில்லை. விரல் இன்னொரு முறை தட்டியது.

"எத்தனை தடவை தட்டினக்கா?"

"ஒரு தடவை."

அவன் திரையைக் காட்டினான். திரையில் 'இரண்டாம் அளவு செலுத்தப்படுகிறது' என்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். பையை மெல்லக் கீழே வைத்தாள். பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ நான்தான் கொடுத்தேனா? நான்தான் அந்த மனுஷனை..."

"இல்லக்கா."

"நான் தட்டியிருக்கேன்டா. எனக்கே தெரியாம தட்டியிருக்கேன்."

கையுறை போட்டால் முதல் தட்டு பல நேரம் விழாது. அதனால் எல்லா நர்ஸுகளின் விரலும் இரண்டாவது தட்டுக்குப் பழகிவிட்டது. மனம் அதைக் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் 'ஆரம்பி' என்ற பொத்தான் மறைந்ததும், அதே இடத்தில் 'மீண்டும் கொடு' என்ற பொத்தான் வந்து உட்கார்ந்துகொள்ளும். திரை தாமதிக்கும்போது முதல் தட்டே மருந்தை ஆரம்பித்து வைத்திருக்கும். இரண்டாவது தட்டு மறுபடியும் கொடுத்துவிடும். அந்தப் பொத்தான் ஏன் அங்கே வந்தது? திரையில் அங்கேதான் இடம் காலியாக இருந்தது. வைக்கும்போது அவன் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"தட்டினது உன் விரல்தான்க்கா. ஆனா அதை அங்க வெச்சது நான்."

அக்கா அவனை அறைவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அறையவில்லை. கையுறையோடு கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்.

மேலாளரிடம் சொன்னான். மேலாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "இது வெளிய போச்சுன்னா எத்தனை பேர் வயித்துல அடிக்கிறன்னு தெரியுமா? விசாரணைக்கு நீ போனா, திரும்ப இந்தப் பக்கம் வராதே" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவனால் முடியவில்லை. போனான்.

விசாரணை அறையில் மூன்று பேர். வாய்மூடியும் கூட வந்திருந்தாள். மெஷினை மேசைமேல் வைத்து, நடுவில் இருந்த மூத்த டாக்டரிடம் கையுறையையும் ஒரு நோயாளியின் குறிப்பையும் கொடுத்தாள். "இதைச் சத்தமாப் படிச்சுக்கிட்டே மருந்து கொடுங்க சார்." டாக்டர் கொடுத்தார். சரியாக வந்தது. "எங்கம்மா தப்பு?" என்றார். தம்பி வாய்மூடியைப் பார்த்தான்.

"இன்னும் கொடுங்க. அவங்க ஒரு ஷிஃப்டுல நாப்பது தடவை கொடுக்கறாங்க."

ஐந்து, ஏழு, ஒன்பது. அறையில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பதினான்காவது முறை, படிக்கையில் ஒரு வார்த்தை தடுக்கியபோது, டாக்டரின் விரல் இரண்டு முறை தட்டியது. அவருக்கே தெரியவில்லை. அடுத்த வரியைப் படிக்கப் போனவரை வாய்மூடி நிறுத்தித் திரையைக் காட்டினாள். அவர் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

தீர்ப்பு இப்படி வந்தது: அக்காவின் உரிமம் தப்பியது. ஆனால் 'கூடுதல் கவனம் தேவை' என்று அவள் கோப்பில் எழுதினார்கள். மெஷினைத் தொண்ணூறு நாளுக்குள் ஆராயும்படி கம்பெனிக்குக் கடிதம் போயிற்று.

தொண்ணூறு நாள்! அதே திரை இன்னும் இருபத்தேழு ஆஸ்பத்திரிகளில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை போன மறுநாள் காலை, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அவன் ஸ்பீக்கரில் போட்டுப் போன் செய்யத் தொடங்கினான். "நீங்க யாரு? கம்பெனி ஆளா? எழுத்துல அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்கள். சிலர் சிரித்தார்கள். ஒன்பதாவது ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் ஒருத்தி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை.

"லைன்ல இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேன். போன வருஷம் எங்ககிட்ட ஒரு பொண்ணு இருந்துச்சு. ரெண்டு தடவை அழுத்திடுச்சுன்னு சொல்லி வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. இல்லவே இல்லன்னு அழுதுக்கிட்டே போச்சு. நாங்களும் நம்பல."

அவன் பேனாவை எடுத்தான். "அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியல. நம்பர் இருக்கு. அதுகிட்ட யார் பேசுவீங்க? நீங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த அக்கா கையை நீட்டினாள். விசாரணைக்குப் பிறகு அவனிடம் அவள் நேராகப் பேசியது அப்போதுதான்.

"போனைக் கொடு. நான் பேசறேன்."