தட்டு நிறைந்த நாள்

என் இரட்டைப் பெண்களில் மூத்தவளுக்குத் தனி அறை வேண்டுமாம். வீட்டில் மிச்சம் இருப்பது என் அறைதான்: ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாத்திக்கொள்ள ஒரு கதவு.

"ஒரே கருவிலேர்ந்து பிரிஞ்சவங்கடி நீங்க! அதுக்குள்ள தனித்தனியாவா?"

"அதுக்குள்ளயா? பதினாலு வருஷமாச்சும்மா."

"போகட்டும்மா," என்றாள் இளையவள். "குறட்டை தாங்கல."

"நாளைக்குப் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினேன்.

ஆய்வகத்தில் செல் வளர்ப்பது என் வேலை. தட்டில் ஒட்டிக்கொண்டு ஊட்டத்தைக் குடித்து ஒரு செல் பருக்கும், தன் மரபணுச் சரடை இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளும், பிறகு இரண்டாகும்.

பக்கத்து மேசைக்காரனை எல்லோரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவோம். அவன் நுண்ணோக்கியில் என் தட்டைப் பார்த்தான்.

"என்னக்கா இது, பஸ் கூட்டம் மாதிரி?"

"நிறைஞ்சு அழகா இருக்குல்ல? நாளைக்குப் பிரிச்சுக்கலாம்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. ஒண்ணையொண்ணு இடிச்சுக்கிட்டு வளர்றதையே நிறுத்திடுச்சு பாருங்க. இன்னிக்குப் புதுத் தட்டுக்கு மாத்தலன்னா மொத்தமும் குப்பைக்குத்தான்."

நானும் பார்த்தேன். ஓரத்துச் சின்ன இடைவெளியில் ஒரே ஒரு செல் மட்டும் பிரியத் தயாராகிக்கொண்டிருந்தது. தட்டையாய்ப் பரந்து கிடந்த அது, தட்டின் மேலிருந்த பிடியைத் தளர்த்தி, உருண்டையாகச் சுருண்டது. பிடியை விடாமல் எதுவும் இரண்டாக ஆவதில்லை. காலையில் நான் பேசியது பாசமே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. என் கதவை விட மனமில்லாமல், சும்மா இருந்த கருவை வம்புக்கு இழுத்திருக்கிறேன்!

செல்களைக் கழற்றி மூன்று தட்டுகளில் பிரித்து வைத்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஆள் ஏறாத பஸ்போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மேசையை வெளியே இழுத்தேன். மூத்தவள், நான் மனசு மாறிவிடுவேனோ என்று பயந்தவள்போல, ஒரே மூச்சில் கட்டிலை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேசையோடு நடுக்கூடத்தில் நின்றேன். சமையலறையில் போட்டால் பாத்திரம் ஏறிவிடும். கூடத்தில் போட்டால் துணி ஏறிவிடும்.

"என்னம்மா முழிக்கிற?" இளையவள் தன் அறை வாசலில் சாய்ந்து நின்றாள். "இங்கதான் இப்ப பாதி ரூம் காலியா இருக்கே. கொண்டா."

மேசையின் மறுமுனையைப் பிடித்தவள் சட்டென்று நின்றாள்.

"ஆனா ஒண்ணு. நீ குறட்டை விடுவியா?"

"மேசையிலயா தூங்கப்போறேன்? தூக்குடி!"