கஸ்டமருக்குப் புதுசு, மாரிக்குப் பழசு

மும்பை குர்லாவில் விளையாட்டுச் சாமான் விற்கும் ரோஷனின் கடைக்குள் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். அந்த இடுக்கில் நின்றுகொண்டு காளிராஜும் அவன் அக்கா மகள் முத்துமாரியும் பெயிண்ட்பால் துப்பாக்கிகளுக்கு டேங்க் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாராவியில் தோல்பை வியாபாரம் செய்துவந்த காளிராஜ், விக்ரோலியில் ஒரு மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்து இந்த விளையாட்டை நடத்திக்கொண்டிருந்தான். சனி, ஞாயிறுகளில் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் கூட்டமாக வந்து ஒருவரையொருவர் சாயக் குண்டால் சுட்டு விளையாடுவார்கள். குண்டைத் தள்ளிவிடுவது துப்பாக்கியில் திருகி மாட்டும் டேங்க். ஆட்டத்துக்கு முன்னால் சுட்டுக் காட்டுவதும், டேங்குகளை மாட்டிக் கழற்றுவதும் முத்துமாரியின் வேலை.

ரோஷன் இரண்டு வகை எடுத்து வைத்தான். ஒன்று, காற்றை அழுத்தி அடைப்பது. புதியது, சோதனை முத்திரை உள்ளது, விலையும் கூட. மற்றது கார்பன் டை ஆக்சைடு அடைப்பது. மூடிப்போன ஒரு மைதானத்திலிருந்து வந்த பழைய சரக்கு. ரோஷன் எதையும் மறைக்கவில்லை. கேஸ் டேங்க் என்றாலே மோசம் என்றில்லை, ஆனால் இவற்றில் யாரோ வால்வை மாற்றியிருக்கிறார்கள், சோதித்து முத்திரை வாங்காமல் கேஸ் அடைக்காதீர்கள் என்று இந்தியில் சொன்னான்.

"மாமா, எல்லாத்தையும் ஏர் டேங்காவே எடுத்துருவோம்" என்றாள் முத்துமாரி.

"எல்லாத்துக்குமா? கஸ்டமருக்கு ஏர் எடுப்போம். நீ சுட்டுக் காட்டதுக்குப் பழசு போதும்ட்டி. கொஞ்ச நாள் ஓடட்டும், அப்புறமா டெஸ்ட் பண்ணிக்கிடலாம்."

அப்பா இறந்த பிறகு அவளைக் காலேஜுக்கு அனுப்பிப் படிக்க வைத்தவன் இந்த மாமாதான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

காளிராஜ் கெட்டவன் இல்லை. அந்தப் பெண்மேல் உயிரையே வைத்திருந்தான். ஆனாலும் பழைய டேங்குகளை அப்படியே கேஸ் அடைத்து ஓட்டினான்; சோதனை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. முத்துமாரி ஞாபகப்படுத்தும்போதெல்லாம் "பாத்துக்கிடலாம்" என்றான்.

மழைக்காலம் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சுட்டுக் காட்டி முடித்துவிட்டு, முகமூடியைக் கழற்றிவைத்து, நிழலில் உட்கார்ந்து டேங்கைக் கழற்றத் திருகினாள் முத்துமாரி. எப்போதும் திருகுவதைப் போலத்தான் திருகினாள். ஆனால் அன்று வால்வோடு சேர்ந்து கழல வேண்டிய டேங்க், வால்வைத் துப்பாக்கியிலேயே விட்டுவிட்டுத் தனியாகக் கழன்றது. கடைசி மரை விலகியதும், உள்ளே அடைபட்டிருந்த கேஸ் அந்த இரும்பைக் குண்டு போலத் தூக்கி அவள் முகத்தில் அடித்தது.

வாசலில் போனில் புக்கிங் பேசிக்கொண்டிருந்த காளிராஜ், ரோட்டில் ஏதோ டயர் வெடித்தது என்று நினைத்தான். ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

போலீஸ் வருவதற்கு முன் மைதானத்தின் பங்குதாரர் வானமாமலை அவனை ஓரமாக அழைத்துப் போனார். "புள்ள கவனமில்லாம திருகிட்டான்னு சொல்லிரும். போனவளுக்கு இனிமே என்ன வந்துரப் போகுது? நம்ம பொழப்பு நிக்கணும்லா."

காளிராஜ் அப்படியே சொன்னான்.

காரியம் முடிந்த மறுநாள் ஆண்டாப் ஹில்லில் அக்கா கோமதியம்மாளின் வீட்டுக்குப் போனான். முத்துமாரியின் போன் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ சனிக்கிழமைக்கு மைதானம் காலியா என்று கேட்டார்கள். கோமதி தனக்குத் தெரிந்த இந்தியில் அவள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல காளி, பெத்தவளாக் கேக்கேன். கவனமில்லாம எம்புள்ளயே உசுர விட்டுட்டான்னு வந்தவுக எல்லாம் சொல்லுதாவ. அவ தப்பாவா திருகுனா?"

அவனால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இல்லக்கா. சரியாத்தான் திருகுனா. டேங்குதான் சரியில்ல."

"அது ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"நல்ல டேங்கு இல்லவே இல்லையா அங்க?"

"இருந்துச்சுக்கா. பக்கத்து ரேக்குலதான் இருந்துச்சு. கஸ்டமருக்குன்னு..."

கோமதி அழவில்லை. மடியிலிருந்த போனை எடுத்துத் தம்பியின் முன்னால் வைத்தாள்.

"துட்டு குடுத்து வெளையாட வாரவன் உசுருக்கு ஒண்ணு, சம்பளத்துக்கு நிக்கவ உசுருக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருக்க. நீ அவளுக்குத் தாய்மாமன். வேத்தாளு புள்ளைக்கு என்னத்தல குடுத்திருப்ப?"

அங்கிருந்து காளிராஜ் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். வழியில் வானமாமலை விடாமல் போன் செய்தார். அவன் எடுக்கவில்லை. முன்பு சொன்னது பொய் என்றும், சோதிக்காத டேங்க் என்று தெரிந்தேதான் அவள் கையில் கொடுத்தேன் என்றும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னான். இதைச் சொன்னால் உனக்கு என்ன ஆகும் தெரியுமா என்று அவர் கேட்டார்.

காளிராஜ் தெரியும் என்று தலையசைத்தான். பிறகு தன் இந்தியில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னான்:

"வேலைக்கு வைத்த ஆளின் பாதுகாப்பில் யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது சார். நான் பிடித்தேன். அந்தப் பெண் சரியாகத்தான் திருகினாள். முதலில் அதை எழுதுங்கள்."