சமதளத்தில் ஒரு கூடாரம்

அக்காவின் முழங்காலுக்குக் கீழே ஒரு தகடும் சில திருகாணிகளும் குடியிருந்தன. தம்பி லிஃப்ட் மெக்கானிக். எக்ஸ்ரேயைப் பார்த்து, "நல்ல ஃபிட்டிங் சார்" என்று டாக்டரையே பாராட்டியவன்.

எலும்பு கூடிவிட்டது. சிக்கல் தபால் நிலையத்தில் இருந்தது. தெருத் தெருவாக நடந்து தபால் கொடுத்துவந்த அக்காவிடம், இனி தபால்தலை விற்கும் கவுண்டரில் உட்காரலாமே என்று இரக்கப்பட்டிருந்தார்கள். நடையா, கவுண்டரா என்று திங்கட்கிழமை அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

"ரெண்டு நாள் கடலோரச் சதுப்பு நிலத்துல நடந்து பாக்குறேன். ஒரே ஒரு தடவை என்னை யாராவது தூக்க வேண்டி வந்தாலும் கவுண்டர்தான்" என்று அக்காவே பந்தயம் கட்டினாள்.

மாமாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அக்காவின் கணவரான அவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். அவள் நடப்பதைப் பார்த்தால் அவருக்குக் கால் வலிக்கும். கையோடு ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார். சனிக்கிழமை காலை கரைமேல் நடந்தபோது, அக்கா பறவை பார்க்க நின்ற இடமெல்லாம் நாற்காலி அவள் பின்னால் விரிந்தது.

"உட்காரும்மா."

"நான் நின்னா உங்களுக்கு என்னங்க?"

நீரோரத்தில் கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன. மாமா அவற்றையும் கவலையோடு பார்த்தார்.

அக்கா மட்டும் அசரவில்லை. சேற்றில் நண்டு ஓடினால் குனிந்தாள், நாரைக்கூட்டம் எழும்பினால் அண்ணாந்தாள், அடுத்த வளைவில் என்ன என்று முன்னால் போனாள். ஆறு மாதம் கட்டிலில் கிடந்தவள் இவள்தானா என்று தம்பி மூச்சு வாங்கியபடி வியந்தான். வியப்பதற்கு நின்றால் அவனுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

கூடாரம் போடும் பொறுப்பு தம்பியுடையது. கரைமேல் அதற்கென்றே ஒதுக்கிய மேடு இருந்தது. வேரும் கல்லுமாக இருந்த அந்த மேட்டில், தரை சமமா என்று காட்டும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி ஒரு ஓரமாக ஓடி ஒளிந்தது. ஆறேழு மாடி உயரத்துக்கு லிஃப்ட் தண்டவாளத்தை இம்மி பிசகாமல் நிறுத்துகிறவனுக்கு இது மானப்பிரச்சினை. கீழே, உவர்ச்செடிகளுக்கும் ஒரு வாய்க்காலுக்கும் அப்பால், பரந்த வெட்டவெளி கிடந்தது. அங்கே வைத்ததும் குமிழி நட்டநடுவில் நின்றது.

"யாரு போட்ட தரையோ, கையெடுத்துக் கும்பிடணும் மாமா!"

போட்டது கடல். தினமும் வந்து புதிதாகப் பூசிவிட்டுப் போகிறது. அது தம்பிக்குத் தோன்றவில்லை. மாமாவுக்கும் தோன்றவில்லை, நாற்காலி ஆடாமல் நின்றதே அவருக்குப் போதும். அக்கா பறவை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடாரம் அங்கேயே எழுந்தது. சாப்பிட்டார்கள், அசந்தார்கள். தம்பி கண் விழித்தபோது முதுகு நனைந்திருந்தது. வெளியே மாமா நாற்காலியில் தூங்கியபடியே மெதுவாகப் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். காலையில் ஒரே எட்டில் தாண்டிய வாய்க்கால் இப்போது அகலமாக, அவசரமே இல்லாமல் நிரம்பிக்கொண்டிருந்தது.

"அக்கா, என் முதுகுல ஏறிக்கோ!" தம்பி பாய்ந்து போய்க் குனிந்தான். குனிந்த வேகத்தில் கணுக்கால் வரை புதைந்தான். நிமிர்ந்த வேகத்தில் முழங்கால் வரை.

"நீ முதல்ல உன் காலைத் தேடுடா" என்று அக்கா பையைத் தோளில் மாட்டினாள்.

செடி முளைத்த திட்டுகளாகப் பார்த்துக் காலை வைத்து வாய்க்காலில் இறங்கினாள். நடுவில் தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது நின்றுவிட்டாள். தகடு வைத்த கால் நடுங்கியது. அந்த நடுக்கம் தண்ணீரில் வட்டம் வட்டமாகத் தெரிந்தது.

"மாப்ளே, போய்த் தூக்குப்பா!" என்று மாமா கத்தினார்.

ஒரு காலை உருவிவிட்டிருந்தான் தம்பி. எட்டிப் பிடித்திருக்கலாம். பிடித்துத் தூக்கினால் கவுண்டர்.

"அவ கூப்பிடல மாமா" என்றான்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். தபாலை மறித்த தெருநாய்களுக்கென்று வைத்திருந்த வார்த்தை அது. பிறகு காலைத் தூக்கி வைத்தாள். அடுத்ததையும். கரையேறிப் பையை வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே திரும்பி இறங்கினாள்.

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு செருப்போடு கரை சேர்ந்தான். அடுத்த நடையில் மாமா வந்தார், நாற்காலியைக் கட்டிப்பிடித்தபடி, அவள் தோளில் பாதி, தண்ணீரில் பாதியாக. கடைசி நடையில் கூடாரமும் வந்தது. தம்பி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ லிஃப்டுகளை ஓட வைத்தவன். இப்படி ஏறி இறங்கிய ஒன்றைக் கண்டதில்லை.

மாமா சட்டையைப் பிழிந்தார். கணக்கு வாத்தியாருக்குள் ஒரு சந்தேகம் புகுந்திருந்தது.

"உன்னைத் தூக்கினா நீ கவுண்டர்னு பேச்சு. என்னை நீ தூக்கிட்டியே, அதுக்கு என்னம்மா?"

"நீங்க போய்க் கவுண்டர்ல உட்காருங்க."

தம்பி சிரித்து முடித்து நிமிர்ந்தபோது அக்கா அங்கே இல்லை. கரையின் அடுத்த வளைவில், லேசாகச் சாய்ந்து சாய்ந்து, நாரைகள் இறங்கும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள்.