பெயரில்லாத அறுபத்துமூன்று எண்கள்

உத்தமபாளையத்தில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி, தேனியிலிருக்கும் ஒரு சிறிய கம்பெனியின் ஆறு சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் முனீஸ்வரியின் வேலை. அவற்றில் நாற்பதுக்கும் மேற்பட்ட மென்பொருள்கள், ஒன்றோடொன்று மோதாதபடி தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓடிக்கொண்டிருந்தன. முன்பு இரண்டு பேர் பார்த்த வேலை. கூட இருந்தவர் கோயம்புத்தூருக்குப் போனபின் முதலாளி உமர் பாருக் வேறு ஆள் எடுக்கவில்லை. ஒரு ஏஐ ஏஜென்டை வாங்கிக் கொடுத்தார். வேண்டியதைச் சாதாரணமாகப் பேசுவதுபோலத் தட்டினால் போதும், எந்தச் சர்வரில் எது நின்றுபோனது என்று அதுவே தேடிப் போய்ச் சரிசெய்துவிடும். எதையாவது அழிப்பதற்கு முன்னால் மட்டும் நின்று அனுமதி கேட்கும்.

முதல் மாதம் அது கேட்டதையெல்லாம் வரி விடாமல் படித்தாள். ஆறாவது மாதம் கை தானாகப் போய் அழுத்தியது.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான்காவது சர்வரில் இடம் நிரம்பிவிட்டது. "பயன்படாததையெல்லாம் தூக்கிவிட்டு இடம் பண்ணு" என்று தட்டினாள். நாற்பத்தொரு வரிகளில் பட்டியல் வந்தது. கீழே அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி பட்டியலை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு அனுமதி கொடுத்தாள்.

வியாழக்கிழமை நர்ஸ் மதீனா போன் செய்தாள். கம்பம் பக்கத்து ஊர்களில் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் முகாம் நடத்தும் ஓர் அறக்கட்டளையில் இருப்பவள். அந்த முகாமின் மென்பொருளும் நான்காவது சர்வரில்தான் ஒரு கன்டெய்னரில் ஓடியது.

"முனீஸ், முகாம் லிஸ்ட்டு தொறக்க மாட்டேங்குதே. லேப்ல இருந்து ரிசல்ட் வந்துருச்சு, பேரு பாத்துக் கூப்பிடணும்."

முகாம் இல்லாத வாரமென்று, புதுப் பதிப்பு ஏற்றுவதற்காக அந்தக் கன்டெய்னரை நிறுத்திவைத்தது முனீஸ்வரிதான். அது நின்றுகிடந்ததால் அதன் தகவல்கள் இருந்த இடமும் பயன்படாதது என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டாவது வரியில் முகாமின் பெயரோடு அதைத் தெளிவாக எழுதியும் இருந்தது.

தகவல்களுக்கு மறுநகலாகப் பேக்கப் எடுக்கிற கன்டெய்னர் மாசியிலிருந்தே ஓடவில்லை. முகாம் தொடங்கியதோ பங்குனியில். பேக்கப் நின்றதை ஏஜென்ட் மூன்று முறை சொல்லியிருந்தது. மூன்று முறையும் 'பிறகு' என்று தள்ளியவள் அவள். கடைசியில், மீட்க வழி இருக்கிறதா என்று அதையே கேட்டாள். இல்லை, உங்கள் அனுமதியோடு செவ்வாய் 12.14-க்கு நீக்கப்பட்டது என்றது.

பரிசோதித்த நாலாயிரத்து இருநூறு பெண்களில் அறுபத்துமூன்று பேருக்கு உடனே அடுத்த சோதனை வேண்டும் என்றிருந்தது லேப் தாளில். அதில் வெறும் எண்கள்தான். எந்த எண் எந்தப் பெண் என்பது அழிந்துபோன இடத்தில் மட்டும் இருந்தது. காகிதம் வேண்டாம், டேப்லெட்டிலேயே பதியலாம் என்று நர்சுகளுக்குப் பெருமையோடு செய்துகொடுத்தவளும் முனீஸ்வரிதான்.

உமர் பாருக் திட்டவில்லை. "திரும்ப முகாம் போட்டுருவோம்மா" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் அழுதாவது தீர்த்திருப்பாள்.

பாதிப் பேர்கூட வரவில்லை. பலர் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறி மலைக்கு மேலே போயிருந்தார்கள். முனீஸ்வரி லீவு போட்டுவிட்டு மதீனாவோடு தெருத்தெருவாக நடந்தாள். கிடைத்தவர்களை மறுபடி சோதித்து, ஐப்பசிக்குள் இருபத்துநாலு பேரைக் கண்டுபிடித்தார்கள். மீதி முப்பத்தொன்பது பேர் யாரென்று தெரியவில்லை.

அந்த இருபத்துநாலில் கடைசியாகக் கிடைத்தவள் சுருளிப்பட்டி பஞ்சம்மாள். திராட்சைத் தோட்டத்துக் கூலி. மெலிந்துபோயிருந்தாள்.

"ரத்தம் எத்தன நாளா படுதுக்கா?" என்றாள் மதீனா.

"ஆவணியிலருந்து. ஆசுபத்திரிக்குப் போவம்னுதான் எம்மக சொன்னா. நாந்தான் வேணாம்னேன். ஏதும் இருந்தா போன் பண்ணுவோம், பண்ணலைன்னா பயப்படாதீகன்னு முகாம்ல சொன்னாகளே."

மதீனா முனீஸ்வரியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது பரவிவிட்டிருந்தது. வைகாசியிலேயே வந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் முனீஸ்வரியால் அடக்க முடியவில்லை.

"அக்கா, ஒங்களுக்குப் போன் வராததுக்கு நாந்தான் காரணம். லிஸ்ட்டு எங்கையாலதான் அழிஞ்சுச்சு."

பஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிசினு பண்ணதுக்கு நீ என்னா செய்வ தாயி."

"மிசினு கேட்டுச்சுக்கா. நான் படிக்காம சரின்னுட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்துப் பஞ்சம்மாள் தன் கையை எடுத்துக்கொண்டாள். ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர் எல்லாம் தாண்டியும் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. கம்பத்தில் இறங்கும்போதுதான் பேசினாள்.

"எம்மககிட்ட இதச் சொல்லிராத. அவ தாங்க மாட்டா."

மார்கழிக் கடைசியில் பஞ்சம்மாள் இறந்துபோனாள். முனீஸ்வரி போனபோது மகள் ஓடிவந்து தோளில் விழுந்தாள்.

"ஒறவுக்காரகளே எட்டிப் பாக்கல. நீங்கதான்க்கா கடைசிவரைக்கும் கூட நின்னீக" என்று கதறினாள்.

முனீஸ்வரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.