மூன்றாவது ஜாடியின் வாய்

எழுதிப் பழக்கமில்லாத ஒருத்தி, கற்றறிந்தோர் படிக்கும் இடத்தில் இதை வைக்கத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்பு. இலோயிலோ கரையோரத்து எங்கள் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர் பொலிகார்ப்பியோ அவர்களின் மனம் இதனால் புண்பட்டால் அதற்கும் மன்னிப்பு. புண்படக்கூடிய மனம் ஒன்று அவரிடம் இருப்பின்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை ரோசெண்டா தினமும் காலையில் வாசலில் நின்று, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே பதில்தான். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் 'ஆச்சு' என்பார்கள். இல்லையென்று சொல்வது பிச்சை கேட்பதாகிவிடும். முப்பத்தெட்டுக் குழந்தைகளும் "ஆச்சு டீச்சர்" என்றார்கள். பத்து மணிக்குள் ஒன்பது பேர் மேசைமேல் தலை சாய்த்தார்கள்.

ஆகவே அவள் வகுப்பின் மூலையில் ஒரு திரைக்குப் பின்னால் மூன்று ஜாடிகளை வைத்தாள். ஒன்றில் சிரிக்கும் வாய், ஒன்றில் நேர்க்கோட்டு வாய், மூன்றாவதில் கவிழ்ந்த வாய். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு சிப்பி ஓடு, ஓட்டின்மேல் அவரவர் எண். யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, ஓட்டைப் போட்டால் போதும். மூன்றாவது ஜாடியில் விழுந்த எண்களுக்கெல்லாம், மாவட்ட அலுவலகம் தந்த அரிசியில் சமையற்காரி பாசிங் அக்கா இஞ்சிக் கஞ்சி காய்ச்சினாள். கஞ்சியோடு அரை மணி நேர வாசிப்பு.

பதினேழாம் எண் நெரிசாவுடையது. ஜூன் மாதம் அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நவம்பரில் நண்டுக் கதைப் புத்தகத்தின் பத்தாம் பக்கத்தைத் திக்காமல் வாசித்தாள்.

"கஞ்சி ஆறுது, முதல்ல குடி."

"ஆறட்டும் டீச்சர். நண்டு தப்பிச்சிதான்னு பாக்கணும்."

மார்ச்சுக்குள் இவள் முழுப் புத்தகத்தையும் முடித்துவிடுவாள் என்று ரோசெண்டா தனக்குள் உறுதி சொல்லிக்கொண்டாள். அந்த ஆண்டில் அவள் வேறெதையும் விரும்பவில்லை.

அப்போதுதான் 'மகிழ்ச்சியான பள்ளி' போட்டி அறிவிக்கப்பட்டது. தலைமையாசிரியர் மூன்றாம் வகுப்புக்குள் எழுந்தருளினார். பள்ளி வாயிலில் அவர் முகம் அச்சிட்ட பதாகைகள் நான்கு தொங்கின. நூலகத்திலிருந்த நூல்கள் அதைவிடச் சற்றே அதிகம்.

"இன்டாய்," என்றார் அவர். சிறுமிகளை அழைக்கும் அந்தச் சொல்லை, தலை நரைத்த ரோசெண்டாவிடமும் அவர் பயன்படுத்துவது வழக்கம். "இதென்ன அழுமூஞ்சி ஜாடி? நடுவர் குழு வர்ற நாள்ல இது இருக்கலாமா?"

"சார், அது... பசியோட வர்ற பிள்ளைங்களுக்கு..."

"நம்ம பள்ளிக்கூடத்துல பசியா?" அவர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "பிள்ளைங்களா, எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு சார்!" என்று கூரை அதிர்ந்தது.

"கேட்டியா? நீ நல்லா படம் போடுவ. அந்த வாயையும் பக்கத்து ஜாடி வாயையும் கொஞ்சம் மேல தூக்கி விட்டுடு."

ரோசெண்டா "சரிங்க சார்" என்றாள். இருபத்தாறு ஆண்டுப் பணியில் அவள் நன்கு கற்றிருந்த சொல் அது. மாலையில் தூரிகையுடன் அமர்ந்தவளைப் பாசிங் அக்கா பார்த்துவிட்டாள்.

"அந்த ஆளு கேட்டப்ப வாயில புட்டை அடைச்சிருந்தீங்களா டீச்சர்? ஜாடிக்கு இருக்கிற வாய்கூட உங்களுக்கு இல்லையே!"

ரோசெண்டா சிரிப்பை வரைந்து முடித்தாள். அழகாகவே வந்தது.

குழுவினர் ஐவர் வந்தனர். மாலை ஏற்றனர், சுட்ட கோழியும் நூடுல்ஸும் புட்டும் உண்டனர், ஏப்பத்தோடு சிப்பிகளை எண்ணினர். மூன்று ஜாடியிலும் சிரிப்பு, ஓடுகள் முப்பத்தெட்டு, மகிழ்ச்சி நூறு விழுக்காடு. நான்கு கற்றோர் எண்ணியதை ஐந்தாமவர் சரிபார்த்தார். மூன்று ஜாடி எதற்கு என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதற்பரிசு கிடைத்தது. ஐந்தாவது பதாகை ஏறியது. இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதமும் வந்தது: பசியுள்ள குழந்தை இப்பள்ளியில் இல்லையாதலால், அரிசி வேறு பள்ளிக்கு மாற்றப்படுகிறது. அதைத் தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் விருதுபோல வாசித்தார். தாமே முதலில் கைதட்டினார்.

ரோசெண்டா அவருடைய அறைக்குப் போனாள். "சார், அந்த எண்ணிக்கை தப்புன்னு ஒரு கடுதாசி எழுதிடலாம் சார்."

"தாராளமா எழுது. சிரிப்பு வரைஞ்சது யாருன்னும் சேர்த்து எழுது."

அவள் எழுதவில்லை.

மறுநாள் காலை நெரிசா பழக்கத்தில் மூன்றாவது ஜாடியில் ஓட்டைப் போட்டாள். சிரிக்கும் வாயை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புகை வராத சமையற்கூடத்தைப் பார்த்தாள்.

"சாப்பிட்டாச்சா நெரிசா?"

"ஆச்சு டீச்சர்."

ஜனவரியில் அவள் தாய் அவளைச் சிப்பி உடைக்கும் கொட்டகைக்கு வேலைக்கு அழைத்துப் போனாள். புத்தகப் பையைத் திருப்பித் தர வந்தபோது நெரிசா, "அங்க மத்தியானச் சோறு போடுறாங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

இழந்தவை: மாதம் இரண்டு மூட்டை அரிசி. நாளுக்கு அரை மணி நேர வாசிப்பு. பத்து மணிக்கு விழித்திருந்த எட்டுக் குழந்தைகள். பள்ளிக்கே வராமற்போன ஒரு குழந்தை. நண்டுக் கதையில் மீதியிருந்த பதினான்கு பக்கங்கள்.