திரும்பத் தரும் தேதி

எங்கள் ஆபீஸில் திருடன் ஒருவன்கூடக் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருடன் இருந்திருந்தால் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எல்லாரும் யோக்கியர்கள். அந்த யோக்கியதையை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாற்பத்திரண்டாம் வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மதராஸ் ஜனம் மூட்டை முடிச்சோடு திருச்சியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கண்டோன்மெண்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். பெயர் லூர்துராணி. ஆபீஸில் ஒரே பெண்பிள்ளை நான்தான். குண்டு விழுந்தால் சமாளிக்க ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும், மாதக் கடைசியில் வந்து பார்ப்பேன் என்று துரை உத்தரவு போட்டார். ஹெட்கிளார்க் சௌரிராஜன் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"நீதாம்மா இதைப் பண்ணணும். ரத்தம், கட்டு இதெல்லாம் பொம்மனாட்டி கைக்குத்தான் வரும்."

"குண்டு போடுறது மட்டும் ஆம்பளை கைக்கு வருமோ சார்?" என்று கேட்டேன். அவர் காதில் விழாத மாதிரி போய்விட்டார்.

சரி, செய்வதை ஒழுங்காகச் செய்வோம் என்று பெரிய கடைவீதி முழுக்க அலைந்தேன். ஒரு பாட்டில் டிங்சர் அயோடின், இரண்டு கட்டுப் பஞ்சு, டார்ச் லைட், ஒரு விசில். கட்டுப் போடுவதற்கு மல் துணி எங்கும் கிடைக்கவில்லை. யுத்தத்தில் துணிக்கு அவ்வளவு பஞ்சம். அட்டெண்டர் காத்தான்தான் மண்ணச்சநல்லூரில் தெரிந்த கடைக்காரரிடம் கெஞ்சி நாலு கஜம் வாங்கி வந்தார். சாமான் வந்த பலகைப் பெட்டியைத் தேய்த்து, வெள்ளை அடித்து, மேலே சிவப்பில் சிலுவைக் குறி போட்டவரும் அவர்தான். "பார்த்தீங்களாம்மா, உங்க கோயில் குறியே போட்டுட்டேன்" என்று ஒரே பெருமை.

பெட்டிக்குப் பூட்டு கிடையாது. எங்கள் ஆபீஸில் எதற்கும் பூட்டு கிடையாது. சௌரிராஜன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: குண்டூசி எடுத்தாலும் அந்த இடத்தில் சீட்டு வைக்க வேண்டும். எடுத்தது, எடுத்தவர், காரணம், திரும்பத் தரும் தேதி. சீட்டு வைத்துவிட்டால் கணக்கு நேர். ராஜாவின் கிரீடத்தையே எடுத்துப் போனாலும் கேள்வி கிடையாது.

இரண்டு வாரம் ஓடியது. குண்டும் விழவில்லை, பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. குண்டு அதிர்ச்சியில் கண்ணாடி சிதறாமல் இருக்க ஜன்னல்களில் காகிதப் பட்டை ஒட்ட வேண்டும் என்று அடுத்த உத்தரவு. காத்தான் ஏணியில் ஏறி, மேல் ஜன்னலில் பசை தடவிக் காகிதத்தை அழுத்தினார். மக்கிப்போன மரச்சட்டம். கண்ணாடி அப்படியே பிளந்து அவர் வலது கை மேல் இறங்கிவிட்டது. நடு விரலும் மோதிர விரலும் எலும்பு தெரியக் கிழிந்துவிட்டன. சட்டை, ஏணி, தரை எல்லாம் ரத்தம்.

நான் ஓடிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே சீட்டுகள்.

"டார்ச் லைட். எடுத்தவர்: கோபு. காரணம்: இருட்டில் காவேரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் போக." "டிங்சர் அயோடின். எடுத்தவர்: பரக்கத் அலி. காரணம்: மகள் ஜீனத்துக்குக் காலில் புண்." "பஞ்சு, இரண்டு கட்டு. எடுத்தவர்: சௌரிராஜன். காரணம்: பெருமாள் விளக்குக்குத் திரி." எல்லாம் மணி மணியான இங்கிலீஷ் கையெழுத்து. எல்லாவற்றிலும் தேதி. மிஞ்சிக் கிடந்தது விசில் ஒன்றுதான்.

"ஊதட்டுமா?" என்றான் சின்ன கிளார்க் கோபு. அந்தக் கழுதையை அங்கேயே அறைந்திருப்பேன்.

அறையவில்லை. ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அடியில், முதன்முதலாக வைத்த சீட்டு ஒன்று கிடந்தது. "மல் துணி, நாலு கஜம். எடுத்தவர்: லூர்துராணி. காரணம்: அக்கா மகளின் புதுநன்மைக்கு முக்காடு. திரும்பத் தரும் தேதி: திங்கட்கிழமை."

ஆமாம், நானேதான். முதல் நற்கருணை வாங்கும் குழந்தைக்கு வெள்ளை முக்காடு இல்லாமல் எப்படி? ஊரில் துணி இல்லை, பெட்டியில் சும்மா கிடக்கிறது. அவசரத்துக்குத்தானே, துவைத்து வைத்துவிடலாம் என்று எடுத்தேன். "இப்படின்னா இருக்கணும் ஒழுங்கு" என்று சௌரிராஜன் என் சீட்டை மற்ற கிளார்க்குகளுக்குக் காட்டி மெச்சினார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் கை நீண்டது. ஞாயிற்றுக்கிழமை காத்தானும் சீப்பு வாழைப்பழத்தோடு கோயில் வாசலுக்கு வந்து, "பாப்பா முக்காட்டுல என்னா அழகு!" என்று நெட்டி முறித்துவிட்டுப் போனார். இப்போது அந்தத் துணி எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"துணி குடுங்கய்யா யாராவது!" என்று கத்தினேன். கணக்கு எழுதும் பரக்கத் அலி மேஜையில் மை துடைக்கும் துணியை எடுத்து நீட்டினார். அந்தக் கறை பிடித்த கந்தலைத்தான் சுற்றினேன். நானேதான் சுற்றினேன். ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது டாக்டர் அதைப் பிரித்துவிட்டு, "எந்த மடையன் இதைக் கட்டினது?" என்றார். "நான்தாங்க" என்றேன்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தால் எல்லாம் அதனதன் இடத்தில்! டார்ச் லைட், அரை பாட்டில் அயோடின், பஞ்சு. திரியாகத் திரித்ததற்குப் பதில் புதுப் பஞ்சே வாங்கி வைத்திருந்தார் மகானுபாவர் சௌரிராஜன். அவரவர் சீட்டை அவரவர் எடுத்துக் கிழித்தாகிவிட்டது. கணக்கு நேர். நானும் துணியைக் கொண்டுபோய் வைத்தேன். வேறென்ன செய்ய?

காத்தானுக்குப் புண் சீழ் பிடித்து, கை முழங்கை வரை வீங்கியது. எட்டாம் நாள் இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.

துரை வரும் நாளுக்கு முந்தைய நாள், சௌரிராஜன் டைப் அடிக்க ஒரு காகிதம் கொண்டுவந்தார். காத்தானுடைய அஜாக்கிரதையால் விபத்து. விரல் இல்லாதவன் ஃபைல் கட்டு கட்ட லாயக்கில்லை. வேலையிலிருந்து நீக்கலாம்.

"அஜாக்கிரதையா? யாரு சார் அஜாக்கிரதை? வாய் கூசலையா உங்களுக்கு?"

"கத்தாதேம்மா. நேக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆபீஸ் நடக்கணுமோல்லியோ?"

மனசு கஷ்டமாம்! அடித்துக் கொடுத்தேன். அடித்த கையோடு மெஷினில் இன்னொரு காகிதம் சொருகினேன்.

மறுநாள் துரை வந்தார். பெட்டியைப் பார்த்து, சிலுவைக் குறியைப் பார்த்து, பேஷ் என்றார். மூடியைத் திறந்தார். மேலாக ஒரு சீட்டு. அதை எடுத்துப் பார்த்தவர் முகம் மாறியது. சத்தமாகப் படிக்கச் சொல்லி சௌரிராஜன் கையில் கொடுத்தார்.

எங்கள் ஹெட்கிளார்க்குக்கு வேறு வழியில்லை. படித்தார்.

"எடுத்தது: அட்டெண்டர் காத்தானின் வலது கை விரல்கள் இரண்டு. எடுத்தவர்கள்: லூர்துராணி, பரக்கத் அலி, கோபு..." அங்கே நின்றார். "சௌரிராஜன். காரணம்: வீட்டு உபயோகம். திரும்பத் தரும் தேதி..."

தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. "தேதி என்ன?" என்று துரை எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அந்த நீக்கல் காகிதத்தை மேஜையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்து, "அவன் இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வாசலில் காத்தான் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் கட்டோடு வேலைக்குத் திரும்பியிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

"எம்பேரு வந்துச்சேம்மா. என்னத்தைப் படிச்சாங்க?"

சொன்னேன். பெட்டி காலியாக இருந்ததை, யார் எதை எடுத்தார்கள் என்பதை, ஒன்று விடாமல் சொன்னேன். "முதல்ல எடுத்தது நான்தாண்ணே. நீங்க வாங்கியாந்த மல் துணி."

அவர் தன் கைக் கட்டைக் குனிந்து பார்த்தார்.

"பாப்பா போட்டிருந்துச்சே, அதுவாம்மா?"

"அதுதாண்ணே."

காறித் துப்பியிருக்கலாம். ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, துரை குடித்து வைத்த டீக் கோப்பையை இடது கையால் எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.