ஷெல்பியின் எட்டு மாத விலாசம்

1.

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என்னிடம் விசாரிக்க வந்தார்கள், அதனால் எழுதுகிறேன்.

வட டெக்சாஸில் எங்கள் ஊரில், காசு போட்டுத் துணி துவைக்கும் கடையைக் காலையில் திறப்பவள் நான். மத்தியானத்தில் தமிழில் கதை எழுதுவேன். போன மார்ச்சில் மிஸஸ் ஹாட்லி என்ற அம்மாள் அரசாங்க அடையாள அட்டையோடு வந்து நின்றார்.

"ஷெல்பி ட்ராமெல்னு ஒரு பொண்ணு. உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

ராணுவ விமானம் ஓட்ட மனுப் போட்டிருந்தாள் ஷெல்பி. இவளை நம்பி ரகசியங்களைக் கொடுக்கலாமா என்று ஆள் விட்டு விசாரித்த பிறகுதான் விமானத்தைக் கொடுப்பார்கள். கதை கட்டுவதே வேலையாகத் திரிபவளிடம் வந்து உண்மையைக் கேட்கிறார்கள், பாருங்கள்!

2.

முதல் தொடக்கம்: வானத்தைக் கிழித்துக்கொண்டு அந்தப் போர்விமானம்—

வேண்டாம். ஷெல்பி இன்னும் விமானத்தின் ஏணியைக்கூடத் தொட்டதில்லை.

இரண்டாம் தொடக்கம்: பீட்சா கடைக்கும் நகப்பூச்சுக் கடைக்கும் நடுவில் இருந்த ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குள், பட்டச் சான்றிதழைக் கையில் பிடித்தபடி நுழைந்தாள் ஷெல்பி. வயது இருபத்து மூன்று.

இதுவே இருக்கட்டும்.

"விமானம் ஓட்டணும் சார்."

"தாராளமா ஓட்டலாம் கண்ணு. முதல்ல சிப்பாயா கையெழுத்துப் போடு. மத்ததெல்லாம் உள்ள போய்ப் பாத்துக்கலாம்," என்றார் சார்ஜென்ட் டக்கெட்.

[விமானிகள் அதிகாரி வகை. அவர்களைச் சேர்ப்பவர் வேறு ஆள், வேறு அலுவலகம், எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணம். அது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பறக்கப் போன இடத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.]

ஷெல்பி விவரமானவள். "அதிகாரிகளைச் சேர்க்கறவர் நம்பர் வேணும் சார். வாங்காம நகர மாட்டேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டக்கெட் சிரித்துவிட்டார். நம்பரையும் கொடுத்தார்.

3.

டக்கெட்டை வில்லனாக்க எனக்கு ரொம்ப ஆசை. மனுஷன் ஒத்துவரவில்லை.

பாதுகாப்புப் படிவத்தை நிரப்புகையில் சந்தேகம் கேட்க அவரிடமே மறுபடி போனாள். கடைசிப் பத்து வருடம் எங்கெங்கே குடியிருந்தாய் என்று அதில் வரிசையாக எழுத வேண்டும். நடுவில் ஒரு மாதம்கூட விடுபடக் கூடாது.

"இந்த எட்டு மாசம் எங்க இருந்தே?"

"கார்ல. அம்மாவோட ரெண்டாவது புருஷன் வெளிய போன்னுட்டான்."

அவர் எழுந்து போய், பக்கத்துக் கடையிலிருந்து பீட்சா வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தார். (வில்லன் என் கையை விட்டுப் போனது இங்கேதான்.)

"சாப்பிடு. சொந்தக்காரங்க யாராவது இருந்தா அவங்க விலாசத்தைப் போட்டுடு. கார்ல தூங்கினவன்னு தெரிஞ்சா எவன் விமானத்தைக் கையில கொடுப்பான்?"

அன்போடு சொன்ன தப்பு அது. காரில் தூங்கியதை மன்னிக்க அங்கே ஆள் உண்டு. மறைத்ததை மன்னிப்பது கஷ்டம்.

வாண்டா அத்தைக்கு போன் போட்டாள். "நீ போடுடீ! யாரு வந்து கேட்டாலும் எங்கூடத்தான் இருந்தான்னு அடிச்சுச் சொல்றேன்!"

அத்தை வீட்டு விலாசம் படிவத்தில் ஏறியது. கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்துக் கேட்டது. அப்போது அவளுடைய மனசாட்சி அவளை—

இந்த வாக்கியம் முடியாது. மனசாட்சி பற்றி அவள் என்னிடம் பேசியதே இல்லை. சொன்னது இவ்வளவுதான்: "உயரத்தைத் தப்பா சொன்னா மலையில போய் முட்டிக்குவேன், மேம். அந்தப் பழக்கத்தை எதுக்கு இப்பவே ஆரம்பிக்கணும்?"

அத்தையை அழித்தாள். 'கார். துணி துவைக்கும் கடையின் பின்பக்கம்' என்று எழுதினாள். அங்கே உன்னை அறிந்தவர் யார் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினாள்.

4.

"அந்த எட்டு மாசமும் உங்க கடைக்குப் பின்னாலதான் இருந்தாளா?" என்று கேட்டார் மிஸஸ் ஹாட்லி.

"ஆமாம்."

"குடி, போதை?"

"கிடையாது."

"அவ பொய் சொல்லி நீங்க பாத்திருக்கீங்களா?"

அடக் கடவுளே. பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் காலையில் போலீஸ்காரர் ஒருவர் அவள் கார்க் கண்ணாடியைத் தட்டினார். "துணி போட்டிருக்கேன் சார், காத்துக்கிட்டிருக்கேன்," என்றாள். கடையில் ஒரு இயந்திரமும் ஓடவில்லை. அவர் பின்கதவில் நின்ற என் பக்கம் திரும்பினார். நானும் காலி இயந்திரத்தைக் காட்டி, "ஆமா, அவளோடதுதான்," என்றேன்.

முடிவு அ: "இல்லை," என்கிறேன். ஷெல்பி பறக்கிறாள். நல்ல முடிவு. ஆனால் அவள் உண்மையாக எழுதிக் கொடுத்த கோப்பில் ஒரே பொய் என்னுடையதாக இருக்கும். கிழித்துப் போட்டேன்.

முடிவு ஆ: நான் வாயைத் திறக்கும்போது பார்த்து இயந்திரம் ஒன்று வெடித்து— சீ.

நடந்ததைச் சொல்கிறேன். போலீஸ்காரர் கதையை, என் பொய்யையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். மிஸஸ் ஹாட்லியின் பேனா நிற்காமல் ஓடியது.

"அப்படின்னா இவளை நம்பி நாட்டு ரகசியத்தைக் கொடுக்கலாமா?"

"கொடுக்கலாம். கடைச் சாவியையே கொடுத்து வச்சிருந்தேன்."

5.

சாயங்காலம் ஷெல்பிக்கு போன் செய்தேன்.

"போலீஸ் விஷயத்தையுமா சொன்னீங்க?"

"கேட்டாங்கடீ."

"நல்லதுதான், மேம்," என்றாள்.

முடிவு இன்னும் வரவில்லை. மாதக்கணக்கில் ஆகும். அதை நானே எழுதி முடித்துவிடலாம், எனக்குத் தெரியாததா? மாட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மனுப் போட்டவர் தானாகக் கொடுக்கும் பெயர்களோடு இவர்கள் நிறுத்துவதில்லை. கிளம்பும்போது மிஸஸ் ஹாட்லி கேட்டார்: "அவ எழுதிக் கொடுக்காத ஆளு, அவளைத் தெரிஞ்சவங்க, வேற யாராவது உண்டா?"

அன்றைக்கு இல்லை என்றேன். இன்றைக்கு அப்படிச் சொன்னால் பொய். காரும் தெரியும், அத்தையும் தெரியும், போலீஸ்காரரிடம் அவள் சொன்னதும் தெரியும், இதைப் படித்த உங்களுக்கு. உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

மிஸஸ் ஹாட்லி உங்கள் எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறந்துவிட்டார். ஷெல்பி ட்ராமெலை நம்பலாமா, சொல்லுங்கள்.